ஸ்கிரிபார்: ஓர் இடோ வினைச்சொல்லை வேரிலிருந்து கற்போம்

உலகப் பொதுத் துணைமொழியாக உருவாக்கப்பட்ட இடோ மொழியில் ‘ஸ்கிரிபார்’ என்றால் எழுதுதல். இந்த ஒரு சொல் எங்கிருந்து வந்தது, என்ன பொருளில் புழங்குகிறது, காலத்துக்கும் சூழலுக்கும் ஏற்ப எப்படித் திரிகிறது என்று கடைசிவரை பார்த்துவிட்டால், அம்மொழியின் எல்லா வினைகளையும் பார்த்ததற்குச் சமம். இது மிகைப் பேச்சு இல்லை. இடோவில் ஒழுங்கு தவறும் வினை ஒன்றுகூடக் கிடையாது. ‘இருத்தல்’ என்று பொருள்படும் எஸார் என்ற வினையில் மட்டும், எஸாஸ் என்பதை எஸ் என்று சுருக்கிக்கொள்ளலாம். அதுவும் விரும்பினால்தான்.

தொடங்குமுன் ஒலிப்பைப் பற்றி ஒரு குறிப்பு. இடோ சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். ஸ்கிரிபார் என்பதில் வரும் ‘பா’, ‘பாடம்’ என்பதில் உள்ளதுபோல் வல்லோசை இல்லை; ‘அபாயம்’ என்னும்போது வரும் மெல்லிய ஒலி. நெடில் குறில் வேறுபாட்டை இடோ பொருட்படுத்துவதில்லை. எழுதும் வசதிக்காகத்தான் நெடில் போட்டிருக்கிறேன். அழுத்தம் விழும் இடம் மட்டும் முக்கியம். பெரும்பாலான சொற்களில் கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம் விழும். ஸ்கிரிபார் போன்ற எச்ச வடிவங்களில் (‘எழுத’, ‘எழுதுதல்’ என்பதுபோல் பொருள் தருபவை) மட்டும் கடைசி அசையை அழுத்திச் சொல்ல வேண்டும்.

மொழி பிறந்த கதை

1887இல் சமென்ஹோஃப் தாம் உருவாக்கிய எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியை வெளியிட்டபின், உலகுக்கு ஒரு பொதுத் துணைமொழி வேண்டும் என்ற எண்ணம் அறிஞர்களிடையே வலுத்தது. 1901இல் பாரிஸில் லூயி கூத்துராவும் லெயோபோல் லோவும் சேர்ந்து, அப்படியொரு மொழியைத் தேர்ந்தெடுப்பதற்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் தேர்வுக் குழு 1907 அக்டோபரில் பாரிஸில் கூடியது. டென்மார்க் மொழியியலாளர் ஒட்டோ யெஸ்பெர்சன், வேதியியலாளர் வில்ஹெல்ம் ஓஸ்ட்வால்ட் போன்றவர்கள் அதில் இருந்தார்கள். எஸ்பெராண்டோவை அடிப்படையாக வைத்துக்கொண்டு சில திருத்தங்கள் செய்யலாம் என்பது குழுவின் முடிவு. அந்தத் திருத்தங்களை முன்மொழிந்த ஆவணம் குழுவின் முன் வந்தபோது, எழுதியவர் பெயருக்குப் பதிலாக ‘இடோ’ என்ற புனைபெயர்தான் அதில் இருந்தது. எஸ்பெராண்டோவில் அதற்கு ‘வழித்தோன்றல்’ என்று பொருள். மொழிக்கும் அதுவே பெயராக நிலைத்தது.

கூத்துரா ஒரு தருக்கவியலாளர். ஜெர்மன் தத்துவஞானி லைப்னிட்ஸின் தருக்கத்தை ஆழமாக ஆராய்ந்தவர். முதல் உலகப் போர் தொடங்கிய 1914 ஆகஸ்டில் ஒரு கார் விபத்தில் இறந்துபோனார். அவருடைய தருக்க மனம் இடோவின் சொல்லாக்கத்தில் அழுத்தமாகப் பதிந்திருக்கிறது. அது எங்கே தெரிகிறது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

வேர்

இடோவுக்கு வேர்ச்சொல் தேர்ந்தெடுத்தவர்கள் ஆறு மொழிகளை அளவுகோலாக வைத்துக்கொண்டார்கள்: ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியம், ரஷ்யம், ஸ்பானியம். ஒரு பொருளுக்கு எந்த வேர் இம்மொழிகளைப் பேசுகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஏற்கெனவே பழகியதாக இருக்கிறதோ, அதையே எடுப்பது என்பது கொள்கை.

‘எழுது’ என்ற பொருளுக்கு விடை எளிதாகவே கிடைத்தது. லத்தீனில் ஸ்கிரிபெரே. அதிலிருந்து வந்தவை இத்தாலியத்தின் ஸ்கிரிவெரே, ஸ்பானியத்தின் எஸ்கிரிபிர், பிரெஞ்சின் எக்ரிர். ஜெர்மனின் ஷ்ரைபன் என்பதும் லத்தீனிடம் கடன் வாங்கியதே. ஆங்கிலத்தில் எழுதுவதற்கு வேறு வேர் இருந்தாலும், படியெழுதுபவரைக் குறிக்கும் ஸ்கிரைப், விவரிப்பதைக் குறிக்கும் டிஸ்கிரைப் போன்ற சொற்களில் இதே வேர் ஒளிந்திருக்கிறது. ஆறில் ரஷ்யம் மட்டும் தனி வழியில் போகிறது. ஐந்து மொழிக்காரர்கள் பார்த்ததும் கண்டுகொள்ளக்கூடிய ‘ஸ்கிரிப்’ தேர்வானதில் வியப்பில்லை. எஸ்பெராண்டோவிலும் இதே வேர்தான். அந்த லத்தீன் வினையின் மிகப் பழைய பொருள் கீறுதல் என்பார்கள். மைக்கும் தாளுக்கும் முந்தைய காலத்தில் எழுதுவது என்றால் கடினமான பரப்பில் கீறுவதுதானே.

இடோவில் இது செயப்படுபொருள் குன்றா வினை. எழுதப்படும் பொருளை வேறு உருபு எதுவும் இல்லாமல் நேரடியாக ஏற்கும். மே ஸ்கிரிபாஸ் லெட்ரோ: நான் கடிதம் எழுதுகிறேன். யாருக்கு எழுதுகிறோமோ அவருக்கு முன் ‘ஆ’ என்ற முன்னிடைச்சொல் வரும். இல் ஸ்கிரிபிஸ் ஆ மே: அவன் எனக்கு எழுதினான்.

பகுதியும் விகுதியும்

பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் படித்த யாருக்கும் இடோ வினை அந்நியமாகத் தெரியாது. ‘எழுதினேன்’ என்பதை எழுது, இன், ஏன் என்று பிரிக்கிறோம். பகுதி செயலைச் சொல்கிறது, இடைநிலை காலத்தைச் சொல்கிறது, விகுதி யார் என்பதைச் சொல்கிறது. இடோவில் ஸ்கிரிப் என்பது பகுதி. அதன்பின் வருவது காலத்தையும் வினையின் தன்மையையும் மட்டுமே சொல்லும். யார் என்பதைச் சொல்வதற்கு அங்கே இடமே இல்லை.

முதலில் கற்க வேண்டியவை இந்த ஆறு:

ஸ்கிரிபார் – எழுத, எழுதுதல்
ஸ்கிரிபாஸ் – எழுதுகிறேன், எழுதுகிறாய், எழுதுகிறார்கள்… எல்லாமே
ஸ்கிரிபிஸ் – இறந்தகாலம்
ஸ்கிரிபோஸ் – எதிர்காலம்
ஸ்கிரிபுஸ் – நிகழாத நிபந்தனை
ஸ்கிரிபெஸ் – ஏவலும் விருப்பமும் (இறுதியில் வருவது ஆங்கில ‘இசட்’ ஒலி)

எஸ்பெராண்டோ தெரிந்தவர்களுக்கு நடுவில் உள்ள நான்கும் பழகியவை. முதலும் கடைசியும்தான் மாறியிருக்கின்றன. எஸ்பெராண்டோவில் ஸ்கிரிபி என்பது எச்சம், ஸ்கிரிபு என்பது ஏவல். இடோவில் ‘இ’ பன்மை விகுதி: லெட்ரோ ஒரு கடிதம், லெட்ரி பல கடிதங்கள். ஆகவே எச்சத்துக்கு வேறு விகுதி தேவைப்பட்டது. ‘ஆர்’ என்பது ஸ்பானிய வினைகளைக் கேட்டவர்களின் காதுக்கு உடனே வினையாகவே ஒலிக்கும்.

விகுதி ஆளைக் காட்டாததால் எழுவாயை விட்டுவிட முடியாது. தமிழில் ‘எழுதினேன்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். இடோவில் வெறும் ஸ்கிரிபிஸ் என்றால் எழுதியது யார் என்று தெரியாது. மே ஸ்கிரிபிஸ் என்றுதான் சொல்ல வேண்டும். தமிழர்கள் இடோ எழுதும்போது அடிக்கடி வழுக்கும் இடம் இதுவே. ஆகவே பெயர்களையும் சேர்த்தே மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. மே என்றால் நான். டு என்றால் நீ. மிக நெருங்கியவர்களிடம் மட்டும் சொல்வது. வு என்றால் ஒருவரை மரியாதையாகச் சொல்லும் நீங்கள். வி என்றால் பலரைச் சொல்லும் நீங்கள். இல் அவன், எல் அவள், ஒல் அது. ஆணா பெண்ணா என்று பிரிக்கத் தேவையில்லாத இடத்தில் லு. நி என்பது நாமும் நாங்களும் இரண்டும்தான். தமிழுக்குள்ள அந்தப் பாகுபாடு அங்கே இல்லை. அவர்கள், அவை என்ற பன்மைக்குப் பொதுவாக லி போதும்.

மூன்று உயிரெழுத்துகள்

மேலே உள்ள ஆறையும் ஆறு தனி விகுதிகளாகப் பார்ப்பதைவிட, மூன்று உயிரெழுத்துகளைக் கவனிப்பது பயன் தரும். ஆ நிகழ்காலம், இ இறந்தகாலம், ஓ எதிர்காலம். இந்த மூன்றும் ‘ஸ்’ என்ற முற்றுவினை விகுதியோடு சேர்ந்து பாஸ், பிஸ், போஸ் ஆகின்றன. இதே மூன்று உயிர்கள் எச்சத்திலும் வரும், பெயரெச்சத்திலும் வரும், செயப்பாட்டிலும் வரும். எங்கே வந்தாலும் அதே காலம்தான். இதைப் பிடித்துக்கொண்டவருக்கு இடோ வினையின் பெரும்பகுதி கைக்குள் வந்துவிட்டது.

ஆனால் காலத்தைத் தேர்ந்தெடுப்பதில் தமிழ்ப் பழக்கம் நம்மை ஏமாற்றும். ‘நாளைக்கு எழுதுகிறேன்’ என்று நிகழ்கால வடிவத்தில் எதிர்காலத்தைச் சொல்வது நமக்கு இயல்பு. இடோவில் நாளை நடக்கப்போவது ஓஸ் விகுதியில்தான் வர வேண்டும்: மோர்கே மே ஸ்கிரிபோஸ். மாறாக, ‘அவள் அடிக்கடி எழுதுவாள்’ என்று வழக்கத்தைச் சொல்ல நாம் எதிர்கால வடிவத்தைப் பயன்படுத்துகிறோம். இடோவில் வழக்கம் நிகழ்காலத்தில் வரும்: எல் ஒஃப்ட்டே ஸ்கிரிபாஸ். ‘இதோ எழுதிவிட்டேன்’ என்று இன்னும் தொடங்காத வேலையைப் பற்றிச் சொல்லும் நம் பேச்சுவழக்கும் அங்கே செல்லாது. வடிவத்தைப் பார்த்து மொழிபெயர்க்காமல், செயல் உண்மையில் எப்போது நடக்கிறது என்று கேட்டுக்கொண்டு உயிரெழுத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எச்சத்திலும் மூன்று காலங்கள் உண்டு. எஸ்பெராண்டோவில் இல்லாத வசதி இது. ஸ்கிரிபார் என்றால் எழுதுதல், ஸ்கிரிபிர் என்றால் எழுதியிருத்தல், ஸ்கிரிபோர் என்றால் இனி எழுதுதல். எல் ப்ரொமிஸிஸ் ஸ்கிரிபோர் ஆ நி: எங்களுக்கு எழுதுவதாக அவள் வாக்களித்தாள். மே மெமோராஸ் ஸ்கிரிபிர் ஒல்: அதை எழுதியதாக எனக்கு நினைவிருக்கிறது. தமிழில் ‘எழுதுவதாக’, ‘எழுதியதாக’ என்று நாம் செய்யும் வேறுபாடு அப்படியே அங்கே ஓர் எழுத்து மாற்றத்தில் நிகழ்கிறது. ஆங்கிலம், பிரெஞ்சு போன்ற மொழிகள் இதற்குத் துணைவினைகளை அடுக்க வேண்டியிருக்கும். இடோவின் திருத்தங்களில் இதுவே மிக அழகானது என்று எனக்குத் தோன்றுகிறது.

பெயரெச்சம்: தமிழ் விரிவாகவும் இடோ துல்லியமாகவும்

‘எழுதிய’ என்ற பெயரெச்சத்தைப் பாருங்கள். ‘எழுதிய மாணவி’ என்றால் மாணவி எழுதினாள். ‘எழுதிய கடிதம்’ என்றால் கடிதம் எழுதவில்லை, அது எழுதப்பட்டது. ‘எழுதிய பேனா’ கருவி. ‘எழுதிய அறை’ இடம். ஒரே வடிவம் இத்தனை உறவுகளையும் தாங்குகிறது. எது எந்த உறவு என்பதைப் பொருளை வைத்தே ஊகிக்கிறோம். இலக்கணத்தில் செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள் என்ற ஆறு பெயர்களையும் பெயரெச்சம் கொண்டு முடியும் என்று படித்திருப்போம்.

இடோ இந்த ஆறில் இரண்டுக்கு மட்டும் தனித்தனி வடிவம் தருகிறது. செய்பவரைக் குறிக்கும்போது ‘ன்ட்டா’, செயப்படுபொருளைக் குறிக்கும்போது ‘ட்டா’. அவற்றுக்கு முன்னால் நமது மூன்று உயிர்கள்.

ஸ்கிரிபான்ட்டா – எழுதுகிற
ஸ்கிரிபின்ட்டா – எழுதிய
ஸ்கிரிபோன்ட்டா – எழுதப்போகிற
ஸ்கிரிபாட்டா – எழுதப்படுகிற
ஸ்கிரிபிட்டா – எழுதப்பட்ட
ஸ்கிரிபோட்டா – எழுதப்படவிருக்கிற

ஆகவே எழுதிய கை என்றால் ஸ்கிரிபின்ட்டா மானுஓ. எழுதிய கடிதம் என்றால் ஸ்கிரிபிட்டா லெட்ரோ. தமிழில் ஒன்றாக இருப்பது அங்கே இரண்டாகப் பிரிகிறது. மொழிபெயர்க்கும்போது ஒவ்வொரு ‘எழுதிய’ வரும்போதும் ஒரு கணம் நின்று, அடுத்து வரும் பெயர் செய்ததா, செய்யப்பட்டதா என்று கேட்க வேண்டும்.

பேனாவும் அறையும் என்ன ஆவது? அவற்றுக்கு இந்த வடிவங்கள் உதவாது. தொடர்புச் சொல் போட்டுத் தனி வாக்கியமாகத்தான் எழுத வேண்டும். லா ப்ளூமோ பேர் க்வா மே ஸ்கிரிபிஸ்: நான் எழுதிய பேனா, ‘எதைக் கொண்டு நான் எழுதினேனோ அந்தப் பேனா’ என்ற அமைப்பு. லா லோக்கோ ஊபே மே ஸ்கிரிபிஸ்: நான் எழுதிய இடம். ‘நான் எழுதிய கடிதம்’ என்பதையும், ‘நான்’ என்ற எழுவாய் இருப்பதால், பெரும்பாலும் இப்படியே சொல்வார்கள்: லா லெட்ரோ க்வான் மே ஸ்கிரிபிஸ். இதில் க்வான் என்பதன் இறுதியில் உள்ள ‘ன்’ நம் இரண்டாம் வேற்றுமை போன்றது. செயப்படுபொருள் எழுவாய்க்கு முன்னால் வந்துவிட்டால் மட்டும் இந்த ‘ன்’ வேண்டும். வழக்கமான வரிசையில் தேவையில்லை. மே ஸ்கிரிபாஸ் லெட்ரோ என்பதில் ‘ன்’ இல்லை. கடிதத்தை முன்னால் கொண்டுவந்தால் லெட்ரோன் மே ஸ்கிரிபாஸ்.

இறுதி ‘ஆ’வை மாற்றினால் வேறு இரண்டு வகைச் சொற்கள் கிடைக்கும். ‘ஏ’ போட்டால் வினையெச்சம் போன்ற ஒன்று: ஸ்கிரிபான்ட்டே, எழுதிக்கொண்டே, ஸ்கிரிபின்ட்டே, எழுதிவிட்டு. ஸ்கிரிபின்ட்டே லா லெட்ரோ, இல் டோர்மிஸ்: கடிதத்தை எழுதிவிட்டு அவன் தூங்கினான். ‘ஓ’ போட்டால் நம் வினையாலணையும் பெயர்: ஸ்கிரிபான்ட்டோ எழுதுபவர், ஸ்கிரிபின்ட்டோ எழுதியவர், ஸ்கிரிபோன்ட்டோ எழுதப்போகிறவர். காலத்தைச் சுமந்த பெயர்ச்சொல் என்பது பல மொழிக்காரர்களுக்குப் புதுமையாக இருக்கும். நமக்கு அப்படி இல்லை. ‘எழுதியவர்’ என்று எத்தனையோ முறை சொல்லியிருப்போம். பெயரெச்சம், வினையெச்சம், வினையாலணையும் பெயர் என்ற மூன்று அலமாரிகளும் நம்மிடம் ஏற்கெனவே தயாராக இருக்கின்றன. இடோ வடிவங்களை அவற்றில் எடுத்து வைத்தால் போதும்.

செயப்பாட்டுவினை

‘எழுதப்படுகிறது’ என்பதில் ‘படு’ செய்யும் வேலையை இடோவில் ‘எஸ்’ செய்கிறது. இருத்தலைக் குறிக்கும் எஸார் என்ற வினையே பகுதியோடு ஒட்டிக்கொள்கிறது: ஸ்கிரிபெஸாஸ் எழுதப்படுகிறது, ஸ்கிரிபெஸிஸ் எழுதப்பட்டது, ஸ்கிரிபெஸோஸ் எழுதப்படும். செய்தவரைச் சொல்ல ‘டா’: லா லெட்ரோ ஸ்கிரிபெஸிஸ் டா மேஆ அமிக்கோ, கடிதம் என் நண்பரால் எழுதப்பட்டது.

ஒட்டாமல் பிரித்தும் சொல்லலாம். லா லெட்ரோ எஸாஸ் ஸ்கிரிபாட்டா என்பதும் எழுதப்படுகிறது என்பதே. ஆனால் லா லெட்ரோ எஸாஸ் ஸ்கிரிபிட்டா என்றால் நிலைமை வேறு: கடிதம் எழுதி முடிந்து கையில் இருக்கிறது. எழுத்து வேலை நடந்துகொண்டிருக்கிறதா, முடிந்த நிலையில் கடிதம் இருக்கிறதா என்ற இந்த வேறுபாடு ஆ, இ என்ற ஓர் உயிரெழுத்தில் அடங்கிவிடுகிறது. ஆங்கிலம் வழியாக இடோ கற்கிறவர்கள் இங்கே தடுமாறுவதுண்டு. தமிழில் ‘எழுதப்படுகிறது’, ‘எழுதப்பட்டிருக்கிறது’ என்று இரண்டும் வெளிப்படையாகவே வேறுபடுகின்றன. ஆகவே தமிழில் யோசித்துவிட்டு இடோவில் எழுதினால் பிழை வராது.

எழுதியிருந்தேன், எழுதியிருப்பேன்

ஒரு செயலுக்கு முன்பே முடிந்துவிட்ட இன்னொரு செயலைச் சொல்ல, பகுதிக்கும் விகுதிக்கும் நடுவே ‘ஆப்’ என்ற இடைநிலை வரும். காண்டே வு வெனிஸ், மே ஜா ஸ்கிரிபாபிஸ் லா லெட்ரோ: நீங்கள் வந்தபோது நான் கடிதத்தை எழுதிவிட்டிருந்தேன். ஸ்கிரிபாபோஸ் என்றால் (எதிர்காலத்தில் ஒரு நேரத்துக்குள்) எழுதி முடித்திருப்பேன். புதிதாகக் கற்பவர்கள் இதைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். ‘ஜா’ (ஏற்கெனவே) என்ற சொல்லும் எளிய இறந்தகாலமும் பல இடங்களில் போதுமானவை. ஆனால் வாசிக்கும்போது கண்டுகொள்ளத் தெரிந்திருக்க வேண்டும்.

நிபந்தனையும் ஏவலும்

ஸ்கிரிபுஸ் என்பது நிகழாததை, கற்பனையாகக் கொண்டதைச் சொல்வது. செ மே ஹாவுஸ் டெம்போ, மே ஸ்கிரிபுஸ்: எனக்கு நேரம் இருந்தால் எழுதுவேனே, ஆனால் நேரம் இல்லை. இரண்டு பக்கமும் ‘உஸ்’ வருவதைக் கவனியுங்கள். நேரம் கிடைக்கவும் கூடும் என்றால் சாதாரண எதிர்காலமே போதும்: செ மே ஹாவோஸ் டெம்போ, மே ஸ்கிரிபோஸ். தமிழில் இரண்டையும் ‘நேரம் இருந்தால் எழுதுவேன்’ என்றே சொல்லிவிடுகிறோம். குரலிலும் ஓர் ஏகாரத்திலும் வேறுபாட்டைக் காட்டுகிறோம். ‘எழுதியிருப்பேன்’ என்று கடந்துபோன வாய்ப்பைச் சொல்ல ஸ்கிரிபாபுஸ்.

ஸ்கிரிபெஸ் ஏவல் மட்டும் இல்லை. எழுவாய் இல்லாமல் வந்தால் ‘எழுது’ அல்லது ‘எழுதுங்கள்’. நி ஸ்கிரிபெஸ் என்றால் எழுதுவோம். இல் ஸ்கிரிபெஸ் என்றால் அவன் எழுதட்டும். மே வொலாஸ் கே வு ஸ்கிரிபெஸ் என்றால் நீங்கள் எழுத வேண்டும் என்று விரும்புகிறேன். ஏவலும் வியங்கோளும் விருப்பமும் ஒரே விகுதிக்குள் வந்துவிடுகின்றன.

எதிர்மறைக்கு வினையின் முன் நே: மே நே ஸ்கிரிபிஸ், நான் எழுதவில்லை. நே ஸ்கிரிபெஸ், எழுதாதே. கேள்விக்கு வாக்கியத்தின் தொடக்கத்தில் கா: கா வு ஸ்கிரிபிஸ்? நம் வினா ‘ஆ’ கடைசியில் வருகிறது, இடோவின் கா முதலில். இவ்வளவுதான்.

ஒரு வேரிலிருந்து ஒரு குடும்பம்

கூத்துராவின் தருக்க மனத்தைப் பற்றிச் சொன்னேன். ஒரு சொல்லிலிருந்து இன்னொன்றை ஆக்கினால், அதே பாதையில் திரும்பி வரவும் முடிய வேண்டும் என்பது அவர் வலியுறுத்திய விதி. வினையின் விகுதியை நீக்கிப் பெயர் விகுதியான ‘ஓ’வைப் போட்டால் அந்தச் செயலின் பெயர் மட்டுமே கிடைக்க வேண்டும், வேறு எதுவும் கிடைக்கக் கூடாது. ஆக ஸ்கிரிபோ என்றால் எழுதும் செயல். எழுதப்பட்ட தாளும் இல்லை, எழுதும் கோலும் இல்லை.

எதிர்த் திசையில் பார்த்தால் இவ்விதியின் காரணம் புரியும். எஸ்பெராண்டோவில் க்ரோனோ என்றால் கிரீடம். க்ரோனி என்றால் முடிசூட்டுதல். அந்த வினையிலிருந்து செயலின் பெயரை ஆக்கப் பார்த்தால் மறுபடியும் க்ரோனோ வருகிறது. அது கிரீடத்தைக் குறிப்பதால், முடிசூட்டு விழாவுக்கு இன்னொரு ஒட்டுச் சேர்க்க வேண்டியதாகிறது. இடோ முதலிலேயே பிரித்துவிடுகிறது. க்ரோனோ கிரீடம். அதனோடு, ஒன்றை அணிவித்தல் அல்லது பொருத்துதல் என்ற பொருள் தரும் ‘இஸ்’ (இங்கும் ‘இசட்’ ஒலி) சேர்த்து க்ரோனிஸார், முடிசூட்டுதல். அதிலிருந்து க்ரோனிஸோ, முடிசூட்டு. எந்தப் பக்கம் போனாலும் பொருள் கலங்காது. கொஞ்சம் நீளமான சொற்கள் உருவாகின்றன என்பது உண்மைதான். அந்த நீளத்துக்குக் கிடைக்கும் தெளிவு பெரிது என்பது என் கருத்து.

எழுதும் செயலைத் தவிர மற்றதையெல்லாம் ஒட்டுகள் தருகின்றன. ஸ்கிரிபிலோ எழுதுகருவி, ப்ளூமோ என்ற பேனாவும் க்ரயோனோ என்ற பென்சிலும் அதன் வகைகள். ஸ்கிரிபூரோ எழுதியதன் விளைவாகக் கிடைக்கும் எழுத்து. ஓவியம் தீட்டுதலான பிக்டார் என்பதிலிருந்து ஓவியத்துக்கு பிக்டூரோ வருவதுபோல. ஸ்கிரிபிஸ்ட்டோ எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவர். ரிஸ்கிரிபார் மறுபடி எழுதுதல், ஸ்கிரிபெஸ்கார் எழுதத் தொடங்குதல், ஸ்கிரிபாடார் விடாமல் எழுதிக்கொண்டிருத்தல், ஸ்கிரிபிகார் பிறரை எழுதவைத்தல். இவை எல்லாமே ஆர் விகுதி கொண்ட முழு வினைகள். ஆகவே ரிஸ்கிரிபிஸ், ஸ்கிரிபெஸ்கோஸ் என்று மேலே பார்த்த அத்தனை வடிவங்களும் இவற்றுக்கும் உண்டு.

செயப்படுபொருளைப் பற்றிய மூன்று ஒட்டுகளைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கற்பவர்கள் இவற்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஸ்கிரிபெப்ளா என்றால் எழுதக்கூடிய, எழுத முடிகிற. ஸ்கிரிபென்டா என்றால் எழுதியே ஆக வேண்டிய. ஸ்கிரிபின்டா என்றால் எழுதத் தகுந்த. எழுத முடிகிற எல்லாம் எழுதத் தகுந்தவை ஆகா. எழுதத் தகுந்தவை எல்லாம் எழுதியே ஆக வேண்டியவையும் ஆகா. ஸ்கிரிபின்டாவைப் பெயரெச்சமான ஸ்கிரிபின்ட்டாவோடு குழப்பிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முன்னதில் வருவது மெல்லிய ‘ட’ ஒலி, பின்னதில் வல்லோசை. ‘எழுதத் தகுந்த’ என்பதும் ‘எழுதிய’ என்பதும் இந்த ஓர் ஒலி வேறுபாட்டில்தான் பிரிகின்றன.

பயிற்சிக்கு இன்னொரு வினை: லெக்டார், வாசித்தல். கீழே உள்ளவற்றின் பொருளை, மேலே உள்ளதைப் பார்க்காமல் கண்டுபிடிக்க முயலுங்கள்.

லெக்டோன்ட்டோ
லெக்டெஸிஸ்
லெக்டாபோஸ்
லெக்டிர்
லெக்டிட்டா லிப்ரோ
லெக்டின்டா லிப்ரோ

முதலாவது வாசிக்கப்போகிறவர். இரண்டாவது வாசிக்கப்பட்டது. மூன்றாவது வாசித்திருப்பேன், யார் என்பது வாக்கியத்தின் எழுவாயைப் பொறுத்தது. நான்காவது வாசித்திருத்தல். லிப்ரோ என்றால் புத்தகம். ஆகவே ஐந்தாவது வாசிக்கப்பட்ட புத்தகம், ஆறாவது வாசிக்கத் தகுந்த புத்தகம்.